பாதயாத்திரைக்கு எடுத்துப்போன சோலார் பேனல்

2023 தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடந்தோம். ஒன்பது பேர். இரண்டாம் நாள் ராத்திரி நத்தம் நெருங்கும்போது சித்தப்பாவைக் காணவில்லை. காலில் கொப்புளம் உடைந்திருக்கிறது. "நீங்க போய்க்கிட்டே இருங்க, துணியைச் சுத்திக்கிட்டு வந்துடுறேன்" என்று பக்கத்தில் வந்த யாரிடமோ சொல்லிவிட்டு ஒரு மைல்கல் மேல் உட்கார்ந்துவிட்டார். அந்த ஆள் எங்கள் குழு இல்லை. பச்சை வேட்டியும் துண்டும் எல்லாருக்கும் ஒன்றுதான், இருட்டில் யார் எவர் என்று தெரியாது. சித்தப்பாவுடைய போன் சிங்கம்புணரியிலேயே அணைந்து போயிருந்தது. எங்களில் இன்னும் நாலு பேர் போனிலும் சார்ஜ் இல்லை. அவர் ராத்திரி போட வேண்டிய சர்க்கரை மாத்திரை என் பையில் இருந்தது.

இரண்டரை மணி நேரம் கழித்து, ஓர் அன்னதானப் பந்தலில் மைக்கில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் கிடைத்தார். "நான் எங்கடா போயிடப் போறேன், ரோடு பழனிக்குத்தானே போகுது" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இரண்டரை மணி நேரமும் என் கையில் அந்த மாத்திரை அட்டை இருந்தது.

வழியில் சார்ஜ் போட இடமே இல்லை என்று சொல்ல முடியாது. பந்தல், மண்டபம், டீக்கடை எல்லா இடத்திலும் பிளக் பாயிண்ட் உண்டு. ஆனால் ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இருபது முப்பது போன் தொங்கும். தூங்க வேண்டிய நேரத்தில் ஒருவர் விழித்திருந்து காவல் காக்க வேண்டும். ஊருக்கும் ஊருக்கும் நடுவில் சிக்னல் குறைந்த இடங்களில் போன் டவரைத் தேடித் தேடியே பேட்டரியைத் தின்றுவிடும். அதோடு டார்ச், போட்டோ, வீட்டுக்கு வீடியோ கால். மறுவருஷம் சார்ஜ் பொறுப்பு என்னுடையது என்று குருசாமியிடம் சொல்லிவிட்டேன். அப்படித்தான் கையடக்க சோலார் பேனல் தேட ஆரம்பித்தேன்.

தேடியபோது எனக்கு மிகவும் உதவியது ஒரு சின்னக் கணக்கு. நல்ல உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் இடத்தில் விழும் ஒளி சுமார் 1,000 வாட். இப்போது கடையில் கிடைக்கும் நல்ல மோனோ செல் (ஒற்றைப் படிக சிலிக்கானில் செய்தது) அதில் 22 முதல் 25 சதவீதம் வரை மின்சாரமாக்கும். ஆக, பேனலின் நீளத்தையும் அகலத்தையும் டேப்பால் அளந்தாலே பெட்டியில் போட்டிருக்கும் வாட் உண்மையா என்று தெரிந்துவிடும். ஓர் ஏ4 தாள் அளவுக்குப் பேனலைக் காட்டி 60 வாட் என்று ஒரு விளம்பரம் வந்தது. ஏ4 தாளின் பரப்பு 0.062 சதுர மீட்டர். அதன் மேல் விழும் வெயிலே மொத்தம் 62 வாட்தான். மிக நல்ல செல்லாக இருந்தாலும் 16 வாட்டைத் தாண்டாது. அதை அப்படியே தள்ளிவிட்டேன்.

முதுகில் சின்ன சோலார் தகடு ஒட்டிய பவர் பேங்கும் நிறைய விற்கிறார்கள், பார்க்கவும் ஆசையாக இருக்கும். அந்தத் தகடு உள்ளங்கை அளவு, சுமார் 100 சதுர சென்டிமீட்டர். முழு வெயிலில் 2 வாட் வந்தால் பெரிது. 20,000 எம்.ஏ.ஹெச். பவர் பேங்கில் கொள்வது 74 வாட்-மணி. அது நிரம்ப நாள் முழுக்க வெயிலில் கிடந்தாலும் ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை லித்தியம் பேட்டரியும் சேர்ந்து வெயிலில் வேகும். தயவுசெய்து அதை வாங்காதீர்கள்.

வாட்-மணி என்றதும் பயப்பட வேண்டாம். வீட்டுக் கரண்ட் பில்லில் வரும் ஒரு யூனிட் என்பது 1,000 வாட்-மணி. 5,000 எம்.ஏ.ஹெச். போன் ஒன்று சுழியிலிருந்து நிரம்பச் சுமார் 19 வாட்-மணி வேண்டும். பட்டன் போனுக்கு 4 போதும். 10,000 எம்.ஏ.ஹெச். பவர் பேங்க் என்பது 37. இந்த மூன்று எண்களையும் மனதில் வைத்துக்கொண்டால், "இந்தப் பேனல் எத்தனை வாட்" என்ற கேள்வியை விட்டுவிட்டு "ஒரு நாளைக்கு எனக்கு எத்தனை போன் நிரப்பும்" என்று கேட்கத் தோன்றும்.

கடைசியில் வாங்கியது மூன்று மடிப்பாக மடங்கும் 21 வாட் பேனல். மூன்று மடிப்பிலும் சேர்த்துச் செல் பரப்பை அளந்தேன், 0.09 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல் வந்தது. கணக்கு ஒத்துப்போனது. விலை நாலாயிரத்துச் சொச்சம், எடை 480 கிராம். கூடவே இரண்டு யூ.எஸ்.பி. மீட்டர் வாங்கினேன். பேனலுக்கும் பவர் பேங்குக்கும் நடுவில் செருகினால் வோல்ட், ஆம்பியர், அதுவரை போன வாட்-மணி எல்லாம் காட்டும் சின்னக் கருவி அது. அந்தச் சில நூறு ரூபாய் மீட்டர் இல்லாமல் நான் கற்றுக்கொண்டது எதையும் கற்றிருக்க முடியாது. பேனலில் எரியும் பச்சை விளக்கை நம்பக் கூடாது. ஒன்றுமே போகாதபோதும் அது எரியும்.

பொங்கலுக்கு முந்தைய இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை மொட்டை மாடியில் செலவழித்தேன். உச்சி வேளையில் இரண்டு போர்ட்டிலும் சேர்த்து 14.2 வாட் வந்தது. 21 எங்கே என்று முதலில் கோபம்தான். அப்புறம் புரிந்தது. பெட்டியில் போடும் எண், செல் 25 டிகிரி சூட்டில் இருக்கும்போது ஆய்வுக்கூடத்தில் எடுப்பது. நம் ஊர் வெயிலில் கறுப்புத் தகடு 60 டிகிரிக்குப் போகும். ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் அரை சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாக இழக்கும். மீதி இழப்பு, மின்சாரத்தை 5 வோல்ட்டாக மாற்றும் சர்க்யூட்டில். என் கண் முன்னாலேயே அரை மணி நேரத்தில் 14.2 என்பது 12.6 ஆக இறங்கியது. தளத்தில் கிடந்த பேனலை நாலு செங்கல் மேல் தூக்கி வைத்து அடியில் காற்று போக விட்டேன், 13.1 ஆனது. ஆக, பெட்டியில் உள்ள எண்ணில் மூன்றில் இரண்டு பங்கு வந்தால் அது நல்ல பேனல் என்பது என் முடிவு. பாதிக்கும் கீழே போனால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

நிழலைப் பற்றி நான் நினைத்திருந்தது முழுக்கத் தவறு. பேனலில் பத்தில் ஒரு பங்கு நிழல் விழுந்தால் பத்தில் ஒரு பங்குதானே குறையும் என்று நினைத்திருந்தேன். மாடியில் விழுந்து கிடந்த பூவரச இலை ஒன்றை எடுத்து ஒரு செல்லை மறைக்கிற மாதிரி வைத்தேன். 13 காட்டிக்கொண்டிருந்த மீட்டர் 9-க்கு வந்தது. ஒரு மடிப்புக்குள் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. தோட்டத்துக் குழாயை ஓரிடத்தில் மிதித்தால் தண்ணீர் மொத்தமும் நின்றுபோவதுபோல, ஒரு செல் மறைந்தால் அந்த மடிப்பே ஏறக்குறைய படுத்துவிடுகிறது. இலையை எடுத்தேன், 13. திரும்ப வைத்தேன், 9. என் மகள் இந்த விளையாட்டைப் பத்து நிமிஷம் விடவில்லை.

சாய்வு பற்றியும் ஒரு வார்த்தை. ஜனவரி நடுவில் நம் பக்கம் உச்சிச் சூரியன் தெற்கே சாய்ந்து சுமார் 60 டிகிரி உயரத்தில் நிற்கும். அந்த நேரத்தில் பேனலைத் தட்டையாகப் போட்டாலும் இழப்பு 13 சதவீதம்தான், அதற்காக மெனக்கெட வேண்டாம். காலை எட்டரை ஒன்பது மணிக்குத் தட்டையாகக் கிடந்தால் பாதி போய்விடும். அப்போதுதான் நிமிர்த்தி வைக்க வேண்டும். கோணம் பார்க்கச் சுலபமான வழி: ஒரு பேனாவைப் பேனல் மேல் செங்குத்தாக நிறுத்தி, அதன் நிழல் மறையும் வரை பேனலைத் திருப்ப வேண்டியதுதான். நாள் முழுக்கத் தட்டையாகப் போட்டதில் 57 வாட்-மணி வந்தது. மூன்று தடவை திருப்பி வைத்த அடுத்த ஞாயிறு 76.

வாங்கிய உடனே செய்ய வேண்டிய இன்னொரு சோதனை மேகச் சோதனை. சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும்போது ஒரு துண்டைப் போட்டுப் பேனலை ஒரு நிமிஷம் மூடி, பிறகு எடுக்க வேண்டும். பழைய ஆம்பியர் தானாகவே திரும்ப வருகிறதா என்று பார்க்க வேண்டும். என்னிடமிருந்த இரண்டு பவர் பேங்கில் ஒன்று உடனே எழுந்துகொண்டது. மற்றது 0.1 ஆம்பியரில் அப்படியே தூங்கியது, கேபிளைப் பிடுங்கிச் செருகினால்தான் விழித்தது. இது தெரியாமல் எடுத்துப்போயிருந்தால், காலையில் ஒரு மேகம் கடந்ததோடு அன்றைக்குக் கணக்கு முடிந்திருக்கும். கேபிளும் அப்படித்தான். வீட்டில் கிடந்த இரண்டு மீட்டர் நீளப் பழைய கேபிளில் 0.9 ஆம்பியர், அரை மீட்டர் தடிமன் கேபிளில் 1.9. வெயில் அதே வெயில்தான்.

2024-இல் தைப்பூசம் ஜனவரி 25. நாங்கள் இருபதாம் தேதி விடிகாலை குன்றக்குடியில் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். எல்லார் நெற்றியிலும் விபூதி இட்டுக்கொண்டே வந்த குருசாமி பேனலுக்கும் பூசக் கையை நீட்டினார். "சாமி, தகட்டு மேல வேண்டாம், ஓரத்துத் துணியில வைங்க, தூசி படிஞ்சா கரண்ட் குறையும்" என்றேன். ஒரு நொடி யோசித்தார். "சரி சாமி" என்று துணி மடிப்பில் மூன்று விரலால் இழுத்துவிட்டார். அந்தக் கோடு இன்னமும் லேசாக இருக்கிறது.

விளம்பரப் படங்களில் எல்லாரும் பேனலை முதுகுப்பையில் தொங்கவிட்டுக்கொண்டு நடக்கிறார்கள். நானும் முதல் நாள் அப்படித்தான் கட்டினேன். பழனி எங்களுக்கு மேற்கே. காலையில் சூரியன் முதுகுப் பக்கம் என்பதால் 3, 4 வாட் வந்தது. ஆட்டத்தில் மீட்டர் எண் குதித்துக்கொண்டே இருந்தது. சாலையோரப் புளியமரங்கள் வந்ததும் அதுவும் விழுந்தது. சாயங்காலம் சூரியன் முகத்துக்கு நேரே, பேனல் என் உடம்பு நிழலில், மீட்டரில் அரை வாட். போதாக்குறைக்கு ஆடி ஆடி யூ.எஸ்.பி. போர்ட் இருக்கும் இடத்தில் தையல் விட ஆரம்பித்தது. அன்றோடு அவிழ்த்துவிட்டேன். நடக்கும்போது மடித்துப் பைக்குள், உட்காரும்போது வெளியே. அவ்வளவுதான்.

ஆனால் பாதயாத்திரையின் நேரக்கணக்கு பேனலுக்காகவே அமைந்ததுபோல இருக்கிறது. அதிகாலையிலும் ராத்திரியிலும்தான் நடை. காலை பத்தரைக்கு மேல் தார் ரோட்டில் கால் வைக்க முடியாது. ஏதாவது தோப்பிலோ மண்டபத்திலோ படுத்துவிட்டு மூன்றரைக்கு மேல்தான் கிளம்புவோம். ஐந்து மணி நேர ஓய்வு, அதுவும் வெயில் உச்சத்தில். நாங்கள் நிழலில், பேனல் வெயிலில். இந்த ஒரு ஏற்பாடுதான் எல்லாவற்றையும் சாத்தியமாக்கியது.

இரண்டாம் நாள் ஒரு தோப்பில் தங்கினோம். மண் சுவர் ஒன்றின் மேல் பேனலை விரித்துவிட்டு, பின்புறம் இருக்கும் வலைப் பையில் பவர் பேங்கை வைத்தேன். கம்பெனிக்காரரே அதற்கென்று தைத்துக் கொடுத்த பை. முக்கால் மணி கழித்துப் போய்ப் பார்த்தால் மீட்டரில் சுழி. பவர் பேங்கைத் தொட முடியவில்லை, அடுப்பிலிருந்து எடுத்த தோசைக்கல் மாதிரி இருந்தது. பேனலின் முதுகுதான் அங்கே இருப்பதிலேயே சூடான இடம். லித்தியம் பேட்டரிக்கு 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றக் கூடாது. அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நிறுத்திக்கொண்டது. அதன் பிறகு கேபிளைச் சுவருக்கு மறுபுறம் நிழலுக்கு இறக்கி, ஈரத் துண்டு போட்ட செருப்புப் பை ஒன்றின் பக்கத்தில், ஈரம் படாமல் வைத்தேன். அன்று 44 வாட்-மணி வந்தது. பயணத்திலேயே அதுதான் அதிகம்.

போனை நேரடியாகப் பேனலில் போடுவதையும் அன்றே நிறுத்தச் சொன்னேன். ஒரு கிளை ஆடி நிழல் வந்துபோகும் ஒவ்வொரு தடவையும் போன் "சார்ஜ் நின்றது, சார்ஜ் தொடங்கியது" என்று திரையை எரிய விடும். வெயிலில் கிடந்தால் சூடேறிச் சார்ஜையே மறுத்துவிடும். பகலில் பேனலிலிருந்து பவர் பேங்க், ராத்திரி நடக்கும்போது பவர் பேங்கிலிருந்து போன். இதில் நஷ்டம் உண்டு. மீட்டர் கணக்கில் 35 உள்ளே போனால் 25 போனுக்கு வந்து சேர்ந்தது. ஆனாலும் இதுதான் நிம்மதி.

நாலு நாள் ஓய்வில் கிடைத்தது 41, 44, 17, 38. அந்த 17 மேகம் போட்ட நாள். கண்ணுக்கு வெளிச்சம் நன்றாகவே இருந்தது, பேனலுக்குப் போதவில்லை. சராசரி 35, போனுக்கு வந்தது 25. அதாவது ஒரு நாளைக்கு ஒன்றேகால் ஸ்மார்ட்போன். ஒன்பது பேருக்கு இது போதாது என்பது மாடியில் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. அதனால் கிளம்புவதற்கு முன்பே குழுவில் பேசினோம். ராத்திரி நடையில் முன்னால் போகிறவர் ஒருவர், கடைசியில் வருகிறவர் ஒருவர், இந்த இரண்டு போன்கள் மட்டும் எப்போதும் உயிரோடு இருக்க வேண்டும். வயதான மூன்று பேருக்கும் பட்டன் போன். மற்றவர்கள் நாளுக்கு இரண்டு வேளை மட்டும் போனைத் திறந்து வீட்டுக்குப் பேசிவிட்டு அணைத்துவிட வேண்டும். இளவட்டங்களுக்கு முதல் நாள் முகம் சுருங்கியது. இரண்டாம் நாளிலிருந்து யாரும் கேட்கவில்லை. பட்டன் போன் மூன்றும் பயணம் முழுவதும் சேர்த்து ஒரே தடவைதான் சார்ஜ் கேட்டன. மீதி சார்ஜ் டார்ச்சுகளுக்குப் போனது.

நத்தத்துக்கு முன்னால், அதே ராத்திரி வேளையில், கடைசியில் வந்துகொண்டிருந்த என் போன் அடித்தது. சித்தப்பா. "டேய், கால் கொஞ்சம் இழுக்குது. வலது பக்கம் ஒரு டீக்கடை, மஞ்ச லைட்டு எரியுது, அங்க உட்கார்ந்திருக்கேன். மாத்திரையை எடுத்துக்கிட்டு வா." பத்து நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தேன். எனக்கும் ஒரு டீ சொல்லி வைத்திருந்தார்.

யாருக்கு இது தேவை என்று கேட்டால், நான் எடையை வைத்துத்தான் பதில் சொல்வேன். பேனலின் எடைக்கு ஏறக்குறைய இரண்டு 10,000 எம்.ஏ.ஹெச். பவர் பேங்குகள் வரும். அவை இரண்டும் சேர்ந்து போனுக்குக் கொடுப்பது சுமார் 60 வாட்-மணி. வெயில், மேகம், நிழல் எதுவும் பார்க்க வேண்டாம், விலையும் குறைவு. என் பேனல் அந்த அளவை எட்ட முழுசாக இரண்டு நாள் ஆனது. ஆகவே வெள்ளியங்கிரி மலை மாதிரி ஒரு ராத்திரி, இரண்டு ராத்திரிப் பயணத்துக்குப் பேனல் வேண்டாம், பவர் பேங்கை நிரப்பிக்கொண்டு போங்கள். மூன்று நாளுக்கு மேல், பகலில் சில மணி நேரம் ஒரே இடத்தில் தங்குகிறீர்கள் என்றால் தாராளமாக வாங்கலாம். பகல் முழுக்கக் காட்டுக்குள் நடக்கிறவர்களுக்கு வேண்டாம். மரத்தடியில் இந்தப் பேனல் வெறும் துணி.

விட்டுப்போன தையலை ஒட்டன்சத்திரத்தில் செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவர் நைலான் நூல் போட்டு இழுத்துக் கட்டிக் கொடுத்தார். காசு வேண்டாம், பழனியில் என் பேரைச் சொல்லி ஒரு சூடம் ஏற்றிவிடு என்றார். ஏற்றினேன். 2025 தைப்பூசத்துக்கு முன்னால் மறுபடி மாடியில் விரித்து, ஈரத் துணியால் துடைத்து, அதே மீட்டர், அதே கேபிளில் பார்த்தேன். உச்சியில் 13.8 வாட். பழைய 14.2-க்குப் பக்கத்தில் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அந்தப் பெரியவரின் தையல் இன்னும் விடவில்லை.